இடைநிலைப் பொறியாளருக்கான நேர்முகத் தேர்வு: எப்படித் தயாராவது?

பட்டமளிப்பு விழா முடிந்த கையோடு சந்திக்கும் முதல் நேர்முகத் தேர்வைப் பற்றிச் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு மையம் இருக்கிறது, மூத்த மாணவர்கள் இருக்கிறார்கள், பட்டறைகள் நடக்கின்றன. மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து வரும் இரண்டாவது நேர்முகத் தேர்வைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுவதில்லை. முதல் வேலையில் ஓரளவு காலூன்றிவிட்டு அடுத்த படிக்குப் போக நினைக்கும் மென்பொருள் பொறியாளர் சந்திக்கும் தேர்வு அது. "3 முதல் 5 ஆண்டு அனுபவம் தேவை" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது தூரத்து விஷயமாகத் தோன்றலாம். ஆனால், அதற்கான தயாரிப்பில் பாதி, முதல் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே தொடங்க வேண்டியது என்பதால் அவர்களும் இதைப் படிப்பது நல்லது.

திறமைக்குக் குறைவில்லாத நம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இரவு பகலாக லீட்கோட் தளத்தில் கணக்குகளைப் போட்டுப் பழகுகிறார்கள். தேர்விலும் கணக்கைச் சரியாகவே போட்டுவிடுகிறார்கள். இருந்தும், வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக ஒரு வாரத்தில் மின்னஞ்சல் வருகிறது. காரணம் எளியது. புதிய பட்டதாரியிடம், "இவரால் கற்றுக்கொள்ள முடியுமா?" என்று பார்ப்பார்கள். இடைநிலைப் பொறியாளரிடம், "ஒரு வேலையை இவர் கையில் கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்கலாமா?" என்று பார்ப்பார்கள். முதல் கேள்விக்குத் தயாராகிவிட்டு இரண்டாவது கேள்வி கேட்கப்படும் அறைக்குள் போனால் என்ன ஆகும்?

நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறும். பொதுவாக, மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு, நிரல் எழுதும் சுற்று ஒன்று அல்லது இரண்டு, ஒரு மென்பொருள் அமைப்பை வடிவமைக்கச் சொல்லும் சுற்று, உங்கள் பழைய வேலையைப் பற்றி மேலாளர் பேசும் சுற்று என்று அமையும். சிறிய நிறுவனங்களில் இவை எல்லாம் ஒரே மதிய வேளையில் முடிந்துவிடும்.

நிரல் எழுதும் சுற்று

இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு உதவி நிறையக் கிடைக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் ஆறு முதல் எட்டு வாரங்கள் ஒதுக்கினால் போதும். அர்ரே, ஹேஷ் டேபிள், பைனரி சர்ச், மரம், கிராஃப், ஹீப், வரிசைப்படுத்துதல் ஆகியவற்றில் கை பழகியிருக்க வேண்டும். ஐந்நூறு கணக்குகளை ஒருமுறை போடுவதைவிட எண்பது கணக்குகளை மூன்றுமுறை போடுவது மேல் என்பது என் கருத்து.

கவனிக்க வேண்டியது, வாய் திறந்து பேசிக்கொண்டே எழுதுவதுதான். ஒரு பட்டியலில் எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும் என்று கேட்கிறார்கள். "ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லா எண்களோடும் சேர்த்துப் பார்க்கலாம். 100,000 எண்கள் இருந்தால் ஏறக்குறைய 5 பில்லியன் ஜோடிகள் வரும். அது அதிகம். பார்த்த எண்களை ஒரு ஹேஷ் டேபிளில் போட்டுக்கொண்டே போனால் பட்டியலை ஒருமுறை கடந்தாலே போதும். அதற்கு விலை கூடுதல் நினைவகம்" என்று சொல்லிவிட்டு எழுதுபவரும், எதுவும் பேசாமல் அதே விடையை எழுதி முடிப்பவரும் தேர்வாளர் கண்ணுக்கு ஒன்றல்லர். முன்னவர் நாளை தம் சக ஊழியரிடமும் இப்படித்தான் விளக்குவார் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தக் கணக்குகள் உண்மையான வேலைத் திறனைக் காட்டுமா என்ற சண்டை நெடுநாளாக நடக்கிறது. மேக் கணினி வைத்திருக்கும் நிரலாளர்களிடையே புகழ்பெற்ற ஹோம்புரூ மென்பொருளை உருவாக்கிய மேக்ஸ் ஹவல், பைனரி மரத்தைத் தலைகீழாக்கும் கேள்வியைக் காரணம் காட்டி, கூகுள் தம்மை நிராகரித்துவிட்டதாக 2015ல் டுவிட்டரில் எழுதியது பெரிய விவாதமாயிற்று. விவாதம் ஒருபுறம் இருக்கட்டும், கேள்விகள் இன்னமும் கேட்கப்படுகின்றன. நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபிறகு, சில நிறுவனங்கள் தேர்வில் அவற்றைப் பயன்படுத்த அனுமதிக்கின்றன, சில கண்டிப்பாகத் தடுக்கின்றன. முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும், கருவி எழுதித் தந்த ஒவ்வொரு வரிக்கும் நீங்கள்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

"நாங்கள் செய்தோம்"

இனி, நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடத்துக்கு வருவோம்.

"கடந்த வேலையில் நீங்கள் செய்த முக்கியமான ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். நம் நண்பர் சொல்கிறார்: "எங்கள் குழு ஒரு பழைய அறிக்கை அமைப்பைப் புதுப்பித்தது. டேட்டாபேஸ் மாற்றியமைக்கப்பட்டது. வேகம் அதிகரிக்கப்பட்டது." பேசுவது ஆங்கிலத்தில்தான். ஆனால், பழக்கம் வீட்டிலிருந்து வந்தது. தன்னைப் பற்றித் தானே பேசுவது அழகல்ல என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். "நான் செய்தேன்" என்பது வாயில் வருவதற்குள் "செய்யப்பட்டது" வந்துவிடுகிறது. தேர்வாளர் தம் தாளில் என்ன எழுதுவார்? யாரோ ஒரு குழு ஏதோ ஒரு நல்ல வேலையைச் செய்திருக்கிறது, எதிரில் இருப்பவர் அப்போது அருகில் இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதற்கு மாற்று, எல்லாவற்றையும் நானே செய்தேன் என்று மார்தட்டுவதன்று. அதையும் இரண்டு கேள்விகளில் உடைத்துவிடுவார்கள். பங்கைச் சரியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். "குழுவில் ஐந்து பேர். மொத்த வடிவமைப்பு எங்கள் மூத்த பொறியாளருடையது. மாதாந்தர அறிக்கை ஏன் தாமதமாகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது என் பொறுப்பு." இப்படித் தொடங்குபவரை உடனே நம்பத் தோன்றுகிறது. பிறருக்கு உரியதைப் பிறருக்குக் கொடுத்தவர், தனக்கு உரியது என்று சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும்.

அதன்பிறகு கேள்விகள் ஆழமாகப் போகும். தாமதத்துக்குக் காரணம் இன்னதுதான் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? டேட்டாபேஸ் அந்தக் கேள்வியை எப்படி நிறைவேற்றுகிறது என்று அதன் செயல்திட்டத்தை எடுத்துப் பார்த்தீர்களா, ஊகித்தீர்களா? அட்டவணை முழுவதையும் வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தது என்றால், தேதி என்ற பத்தியில் இண்டெக்ஸ் இல்லாமல் இருந்ததா, இருந்தும் பயன்படவில்லையா? தேதியை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு, "மாதம் = 6" என்று தேடினால், அந்தப் பத்தியில் இருக்கும் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாமல் போகும். "ஜூன் 1 முதல் ஜூலை 1க்கு முன்வரை" என்று எழுதினால் பயன்படும். இந்தச் சிறு வேறுபாட்டைத் தம் அனுபவத்திலிருந்து சொல்பவருக்கு அந்தச் சுற்றில் பாதி வெற்றி.

பிறகு இன்னொரு படி. புதிய இண்டெக்ஸ் சேர்த்ததால் என்ன இழந்தீர்கள்? ஒவ்வொரு முறை புதிய வரி சேரும்போதும் இண்டெக்ஸையும் புதுப்பிக்க வேண்டும். எழுதும் வேகம் சற்றுக் குறையும், இடமும் பிடிக்கும். அது ஏற்கத்தக்க விலைதான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? வேறு என்ன வழிகளை யோசித்துக் கைவிட்டீர்கள்? இரவே அறிக்கையைத் தயாரித்து வைத்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லையா? ஆறு மாதம் கழித்து அந்த அறிக்கை எப்படி ஓடியது? இந்தக் கேள்விகள் உங்களை மடக்குவதற்காக அல்ல. முடிவு எடுக்கும்போது கூடவே இருந்தவருக்கு மட்டும்தான் இவற்றுக்கு விடை தெரியும், அதனால்தான் கேட்கிறார்கள்.

எனவே, தயாரிப்பின் மையம் இதுதான்: உங்கள் சொந்த வேலையை நீங்களே மீண்டும் படிப்பது. கடந்த இரண்டு ஆண்டுகளில் செய்தவற்றில் நான்கைந்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன சிக்கல், யாருக்கு அதனால் தொல்லை, என்ன என்ன வழிகள் இருந்தன, எதைத் தேர்ந்தெடுத்தேன், ஏன், என்ன விளைந்தது. எழுதும்போதுதான், "ஏன் என்று எனக்கே நினைவில்லையே" என்பது புலப்படும். அப்படிப்பட்ட இடங்களில் பழைய சக ஊழியரைக் கேளுங்கள், வடிவமைப்புக் குறிப்புகளைத் திரும்பப் பாருங்கள்.

இதனால்தான், படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது என்றேன். முதல் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை அரைப் பக்கம் எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால், மூன்றாம் ஆண்டில் நினைவைத் தோண்ட வேண்டியதில்லை. இறுதியாண்டுத் திட்டப்பணியிலேயே இதைத் தொடங்கலாம். நிறுவனத்தின் நிரலையோ, வாடிக்கையாளர் விவரங்களையோ சொந்தக் கணினிக்கு எடுத்துவராதீர்கள். உங்கள் குறிப்பில் இருக்க வேண்டியது நீங்கள் யோசித்த விதம் மட்டுமே. நேர்முகத் தேர்விலும், "அந்த எண்ணிக்கையைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை, ஏறத்தாழ இந்த அளவு என்று வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்வதால் மதிப்பு கூடுமே தவிர குறையாது. பழைய நிறுவனத்தின் இரகசியத்தை இங்கே கொட்டுபவர் நாளை இங்குள்ளதை வேறெங்கோ கொட்டுவார் என்று எல்லாருக்கும் தெரியும்.

தீபாவளிக்கு ஒரு பேருந்து டிக்கெட்

வடிவமைப்புச் சுற்று பலருக்கும் அச்சம் தருவது. "ஓர் இணையவழி டிக்கெட் விற்பனை அமைப்பை வடிவமையுங்கள்" என்பார்கள், கையில் ஒரு வெள்ளைப் பலகை, நாற்பத்தைந்து நிமிடம். நமக்கு நன்கு தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முந்தைய வாரம் கோலாலம்பூர் தெர்மினல் பெர்சபாடு செலாத்தானிலிருந்து ஈப்போவுக்கோ சுங்கைப்பட்டாணிக்கோ போகும் பேருந்து டிக்கெட்.

உடனே பலகையில் பெட்டிகளை வரையத் தொடங்காதீர்கள். முதலில் கேளுங்கள். பயணி தம் இருக்கையைத் தாமே தேர்ந்தெடுப்பாரா? பணம் வங்கி வழியாகவா? முகப்பில் ரொக்கமாகவும் விற்கிறார்களா? ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள்? தேர்வாளர், "நாளொன்றுக்கு 1 மில்லியன் கோரிக்கைகள்" என்றால் பயந்துவிட வேண்டாம். ஒரு நாளில் 86,400 விநாடிகள். வகுத்தால் விநாடிக்குச் சராசரியாக 12 கோரிக்கைகள்தான். விற்பனை திறக்கும் அன்று அத்தனையும் ஒரே மணி நேரத்தில் வந்தாலும் விநாடிக்கு 280க்கும் குறைவு. அதிலும் பெரும்பாலானவர்கள் காலி இருக்கை இருக்கிறதா என்று பார்க்கத்தான் வருவார்கள். ஒழுங்காக அமைத்த ஒரே டேட்டாபேஸ் இதைத் தாங்கும். இந்தச் சிறு கணக்கைப் போடாமல், காஃப்கா, இருபது மைக்ரோசர்வீஸ் என்று படித்ததையெல்லாம் பலகையில் கொட்டுபவர்கள் உண்டு. பந்தியில் பத்துப் பேர் இருக்க, நூறு பேருக்கு உலை வைத்த கதைதான்.

சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, ஒரே இருக்கையை இரண்டு பேர் கேட்பதில் இருக்கிறது. ஜொகூரில் இருக்கும் ஒருவரும் கிள்ளானில் இருக்கும் ஒருவரும் ஒரே விநாடியில் 14ஆம் இருக்கையைப் பார்க்கிறார்கள். இருவருக்கும் அது காலியாகத் தெரிகிறது. இருவரும் அழுத்துகிறார்கள். "காலியா என்று படித்துப் பார், காலி என்றால் எழுது" என்று நிரல் இரண்டு படியாக இருந்தால், இருவரும் படித்து முடித்தபின் இருவரும் எழுதிவிடுவார்கள். ஓர் இருக்கை, இரண்டு டிக்கெட். தீபாவளிக்கு முதல் நாள் இரவு முனையத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தீர்வு, படிப்பதையும் எழுதுவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக்குவது. பயண எண்ணும் இருக்கை எண்ணும் சேர்ந்த ஜோடி ஒருமுறைக்கு மேல் வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டை டேட்டாபேஸிலேயே வைத்துவிடலாம். அல்லது ஒவ்வோர் இருக்கைக்கும் முன்பே ஒரு வரி வைத்து, "இந்த இருக்கை காலியாக இருந்தால் மட்டும் என் பெயருக்கு மாற்று" என்று ஒரே கட்டளை அனுப்பி, எத்தனை வரிகள் மாறின என்று பார்க்கலாம். ஒன்று என்றால் உங்களுக்குக் கிடைத்தது, சுழியம் என்றால் வேறொருவர் முந்திவிட்டார். எத்தனை சர்வர்கள் முன்னால் இருந்தாலும் இது நிற்கும்.

தேர்வாளர் அடுத்து பணத்துக்கு வருவார். வங்கிப் பக்கத்துக்குப் போய்க் கடவுச்சொல்லைத் தேடி, கைப்பேசிக்கு வரும் ஒப்புதலை அழுத்திவரச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை இருக்கையை யாருக்கு வைத்திருப்பது? பத்து நிமிடம் தற்காலிகமாகப் பிடித்து வைக்கலாம், காலாவதி நேரத்தையும் அந்த வரியிலேயே எழுதிவிடலாம். "காலியாக இருந்தால்" என்ற நிபந்தனை இப்போது, "காலியாக இருந்தால், அல்லது பணம் கட்டாமல் பிடித்துவைத்த நேரம் கடந்திருந்தால்" என்று ஆகும்.

சரி, பதினோராவது நிமிடத்தில் பணம் வந்து சேர்ந்தால்? அதற்குள் இருக்கை வேறொருவர் கைக்குப் போயிருந்தால்? இங்கேதான் அனுபவம் தெரியும். பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், அதற்கு வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டும். வங்கிப் பக்கத்துக்கு எட்டு நிமிடக் கெடு வைத்து, இருக்கையைப் பன்னிரண்டு நிமிடம் பிடித்து வைக்கலாம், அதனால் விற்பனை உச்சத்தில் சில இருக்கைகள் வீணாகச் சிறிது நேரம் முடங்கும். இரண்டில் எது சரி என்பதற்கு ஒரே விடை கிடையாது. நான் என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, அதையும் மீறித் தாமதமாக வரும் பணத்துக்கு முதலாவதை வைத்துக்கொள்வேன். நீங்கள் வேறு சொல்லலாம். காரணத்தோடு சொன்னால் போதும்.

இன்னொன்று. "பணம் கிடைத்தது" என்ற செய்தியை வங்கித் தரப்பு இருமுறை அனுப்பக்கூடும், நம் பதில் அதற்குப் போய்ச் சேராவிட்டால் மறுபடியும் அனுப்பும். இரண்டாவது செய்தி இன்னொரு டிக்கெட்டை அச்சடித்துவிடக்கூடாது. ஒவ்வொரு கட்டணத்தின் அடையாள எண்ணையும் ஒருமுறை மட்டுமே பதியும்படி வைத்து, ஏற்கெனவே இருந்தால் "பெற்றுக்கொண்டோம்" என்று பதில் சொல்லிவிட்டு வேறொன்றும் செய்யாமல் இருந்துவிட வேண்டும். தேர்வாளர் கேட்பதற்கு முன்பே இதை நீங்களாக எடுத்துச் சொன்னால், உண்மையான பணம் புழங்கும் அமைப்பில் கை வைத்தவர் என்று புரிந்துகொள்வார். மேலும் ஆழமாகப் படிக்க விரும்புவோர் மார்ட்டின் கிளெப்மன் 2017ல் எழுதிய, தரவு மிகுந்த மென்பொருள்களை வடிவமைப்பது பற்றிய நூலைத் தேடிப் படிக்கலாம். தடித்த நூல்தான், ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. டிரான்சாக்ஷன் பற்றிய அத்தியாயம் ஒன்றே இந்தச் சுற்றுக்குப் பெரிதும் உதவும்.

மேலாளரோடு பேசும்போது

சக ஊழியரோடு கருத்து வேறுபட்டது உண்டா, கெடு தவறியது உண்டா, உங்கள் நிரலால் ஏதேனும் நின்றுபோனது உண்டா என்று கேட்பார்கள். அமேசான் போன்ற நிறுவனங்கள் தங்கள் தலைமைத்துவக் கொள்கைகளை (2021ல் அவை 14லிருந்து 16 ஆயின) இணையத்தளத்திலேயே வெளியிட்டு, அவற்றையொட்டியே கேட்கின்றன. முன்னர் எழுதிவைக்கச் சொன்ன நான்கைந்து பக்கங்களே இதற்கும் போதும். ஒரே நிகழ்ச்சி மூன்று கேள்விகளுக்கு விடையாகும். அமைப்பு நின்றுபோன கதையைச் சொன்னால் வரிசை முக்கியம்: முதலில் பழைய பதிப்புக்குத் திரும்பி வாடிக்கையாளரின் தொல்லையை நிறுத்தியது, பிறகு காரணம் தேடியது, கடைசியில் மீண்டும் நிகழாமலிருக்கச் செய்தது. யார் மீது பழி என்பது அந்தக் கதையில் வர வேண்டாம்.

ஆட்குறைப்பில் வேலையிழந்து தேடிக்கொண்டிருக்கும் முன்னாள் மாணவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2022, 2023 ஆண்டுகளில் இவ்வட்டாரத்தின் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களிலேயே ஆட்குறைப்பு நடந்தது. கிராப் நிறுவனம் மட்டும் 2023 ஜூனில் 1,000க்கும் மேற்பட்ட பணியிடங்களை நீக்கியது. தேர்வு நடத்துபவர்களுக்கு இது தெரியாததன்று. "என் பிரிவு மூடப்பட்டது, அதனால் வெளியேறினேன்" என்று ஒரே வரியில், தலைகுனியாமல் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நீளமாக விளக்கினால்தான் சந்தேகம் வரும்.

"எங்களிடம் ஏதேனும் கேட்க வேண்டுமா?" என்றால் இல்லை என்று சொல்லாதீர்கள். இரவில் அமைப்பு நின்றால் யார் எழுந்து பார்ப்பார்கள், மாதத்துக்கு எத்தனை முறை அப்படி நடக்கிறது, முதல் மூன்று மாதத்தில் என் கையில் என்ன வேலை வரும், இந்த இடம் ஏன் காலியானது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் தயங்குவதிலேயே உங்களுக்கு வேண்டிய விடை இருக்கலாம்.

எப்போது சேரலாம் என்று கேட்டால் உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தைப் பார்த்து வைத்திருங்கள். ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லையென்றால், மலேசிய வேலைவாய்ப்புச் சட்டம் 1955, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம் என்கிறது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 2 வாரம், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 4 வாரம். மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸில் போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2023 செப்டம்பர் 1 முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தோடு காம்பஸ் என்ற புள்ளிமுறையும் வந்துள்ளது, பெரும்பாலோர் அதில் 40 புள்ளிகள் பெற வேண்டும். சம்பளமும் கல்வித் தகுதியும் மட்டுமல்லாமல் அந்த நிறுவனத்தின் ஊழியர் அமைப்பும் அதில் சேர்கிறது, ஆகவே நேர்முகத் தேர்வில் சிறப்பாகச் செய்தவருக்கும் அனுமதி கிடைக்காமல் போகலாம். கையெழுத்திட்ட வேலைக் கடிதமும், மனிதவள அமைச்சின் கொள்கையளவிலான ஒப்புதலும் கைக்கு வந்தபிறகே இங்குள்ள வேலைக்கு விலகல் கடிதம் கொடுங்கள்.